வட்டப்பாறை அம்மனும் பத்தினி தெய்யோவும் ஒருவர்தானா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் விளங்கட்டும். ராஜாஜி சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறீர்கள். வேலை விஷயமாகக் கொழும்பிலிருந்து வந்த சிங்கள நண்பர் ஒருவரைத் திருவொற்றியூர் தியாகராசர் கோயிலுக்கு அழைத்துப் போயிருக்கிறீர்கள். வட்டப்பாறை அம்மன் சன்னதியில் நின்று, "இவளைக் கண்ணகி என்றும் சொல்வார்கள்" என்று நீங்கள் சொன்னதும், அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "எங்கள் பத்தினி தெய்யோ" என்றாராம். சிங்களத்தில் தெய்யோ என்றால் தெய்வம். வீட்டில் வந்து சொன்னால் உங்கள் பெரியம்மா, "கண்ணகி எப்படிப்பா புத்த சாமி ஆவா?" என்று கேட்டுவிட்டார். யார் சொல்வது சரி? யாரிடமிருந்து யார் எடுத்துக்கொண்டார்கள்? இதுதானே கேள்வி.

உங்கள் நண்பர் சொன்னது சரி. பெரியம்மா கேட்பதும் நியாயமான கேள்வி. கண்ணகியைத் தெய்வமாகக் கும்பிடத் தொடங்கிய காலத்தில் தமிழ்நாட்டிலேயே சமணமும் பௌத்தமும் ஆசீவகமும் சைவமும் வைணவமும் ஒரே ஊரில், சில வேளை ஒரே குடும்பத்தில் இருந்தன. அவ்வளவையும் சேர்த்துக்கொண்டுதான் அவள் கடல் தாண்டினாள். பிற்பாடு இங்கே பௌத்தம் மறைந்துபோனது, அங்கே நிலைத்தது. நம்மிடம் நூல் தங்கிவிட்டது, வழிபாடு பெரும்பாலும் வேறு வேறு அம்மன்களுக்குள் கரைந்துவிட்டது. இலங்கையில் வழிபாடு முழு உயிரோடு தங்கிவிட்டது. அதனால் எடுத்தவர் கொடுத்தவர் என்று கணக்குப் போடுவதைவிட, ஒரே சொத்தின் இரண்டு பாகம் இரண்டு கரையில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் உண்மைக்கு நெருக்கம். இனி விவரத்துக்கு வருகிறேன்.

சிலப்பதிகாரத்தைப் பள்ளியில் படித்தபோது நமக்கு வழக்குரை காதைதான் மனதில் நின்றது. "தேரா மன்னா" என்று தொடங்கும் அந்த இடம். ஆனால் மூன்றாவது பகுதியான வஞ்சிக் காண்டத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மாடலன் என்ற அந்தணன் செங்குட்டுவனிடம் பூம்புகாரில் நடந்ததைச் சொல்கிற இடம் ஒன்று வருகிறது. மகன் கொலையுண்ட செய்தி கேட்டுக் கோவலனின் தந்தை மாசாத்துவான் தன் செல்வத்தையெல்லாம் தானம் செய்துவிட்டு, இந்திர விகாரங்கள் ஏழில் இருந்த பௌத்தத் துறவிகளோடு சேர்ந்துவிடுகிறார். கண்ணகியின் தந்தை மாநாய்கன் ஆசீவகரிடம் போய்த் துறவு கொள்கிறார். மாதவியும் பௌத்த அறத்தில் சேர்கிறாள். சம்பந்திகள் இருவர், இரண்டு வேறு சமயம். அதைச் சொல்கிற இளங்கோவடிகளோ சமணத் துறவி என்பது மரபு. புகாரிலிருந்து மதுரை வரை அந்தத் தம்பதியோடு நடந்து வரும் கவுந்தியடிகள் சமணப் பெண் துறவி. கோயில் எடுக்கிற செங்குட்டுவன் சிவனடியை முடியில் சூடியவன், திருமாலின் சேடத்தை, அதாவது பிரசாதத்தை, தோளில் வாங்கிக்கொண்டவன். நடுவிலே எயினர் கொற்றவையை ஆடுகிறார்கள், ஆய்ச்சியர் மாயோனுக்குக் குரவை ஆடுகிறார்கள், குன்றக் குறவர் முருகனைப் பாடுகிறார்கள். இப்படி ஒரு நூலில் பிறந்த பெண் தெய்வத்துக்கு ஒரே ஒரு சமயத்தின் முத்திரை குத்த முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

பெரியம்மாவின் கேள்விக்கு நேரான பதில் மணிமேகலையில் இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. மணிமேகலை வஞ்சிக்குப் போய்க் கண்ணகி கோயிலில் நின்று, தன் தாய்முறையான கண்ணகியின் சிலையைப் பார்த்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று அழுது கேட்கிறாள். சிலை பேசுகிறது. கோபத்தில் மதுரையை எரித்த வினை தன்னை விடாது, இப்போது வானுலகில் இருந்தாலும் மறுபடி பிறந்து உழல வேண்டியிருக்கும், பின்னொரு காலத்தில் கபிலை நகரில் புத்த ஞாயிறு தோன்றும்போது அந்த அறத்தைக் கேட்டுத் தானும் கோவலனும் வீடு அடைவோம் என்று சொல்கிறது. சொல்வது கண்ணகி, சொல்லும் இடம் சேரநாட்டு வஞ்சி, எழுதியது தமிழில் சாத்தனார். சிங்களப் பௌத்தர்கள் இன்றைக்குப் பத்தினியைப் பற்றி என்ன நம்புகிறார்கள் தெரியுமா? அவள் வருங்காலத்தில் புத்த நிலை அடையப்போகிறவள், அதற்கான புண்ணியத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கும் தெய்வம் என்று. கண்ணகியைப் பௌத்தத்தின் பக்கம் கொண்டுவந்தது சிங்களவர்கள் மட்டும் என்று நினைத்தால் சாத்தனாரை மறந்துவிடுகிறோம் என்று பொருள்.

சரி, அவள் எப்படிக் கடல் தாண்டினாள்?

எல்லோரும் சொல்வது கயவாகு கதை. சிலப்பதிகாரத்தின் கடைசிக் காதையில், செங்குட்டுவன் எடுத்த பத்தினிக் கோட்டத்துக்கு வந்து வணங்கிய அரசர்களில் "கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தன்" ஒருவன். நூலின் முகப்பில் உள்ள உரைபெறு கட்டுரையிலும் அவன் வருகிறான், தன் நாட்டில் நங்கைக்குக் கோட்டம் அமைத்து ஆடித் திங்களில் விழா எடுத்தான், மழை பெய்து நாடு விளைந்தது என்று. இலங்கை வரலாற்றில் முதலாம் கஜபாகு கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆண்டவன். சங்க இலக்கியத்துக்குக் காலம் குறிக்க நம் அறிஞர்கள் பிடித்துக்கொண்ட தூணே இவன்தான்.

ஆனால் இலங்கையின் பழைய நூலான மகாவம்சம் கஜபாகுவைப் பற்றிச் சொல்லும்போது பத்தினியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பல நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட ராஜாவலிய என்ற சிங்கள நூல்தான் விரிவாகச் சொல்கிறது. சோழன் பிடித்துப்போன 12,000 பேரை மீட்கக் கஜபாகு சோழநாட்டுக்கு வந்தான், மீட்டதோடு இன்னும் 12,000 தமிழரையும் கூட்டிப்போனான், பத்தினியின் சிலம்பையும் புத்தரின் பிச்சைப் பாத்திரத்தையும் கொண்டுபோனான் என்று. பத்தினி வழிபாட்டைப் பல ஆண்டுகள் ஊர் ஊராக ஆராய்ந்த மானிடவியல் அறிஞர் கணநாத் ஒபேசேகர, இதை நடந்த வரலாறாக எடுத்துக்கொள்ளவில்லை. தென்னிந்தியாவிலிருந்து காலம் காலமாக வந்து குடியேறிய மக்கள் தாங்கள் இங்கே எப்படி வந்தோம் என்று தங்களுக்குச் சொல்லிக்கொண்ட கதை என்றார். எனக்கும் அதுதான் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஒரு ராஜா ஒரு சிலம்பைக் கொண்டுபோய் ஒரு நாடே கும்பிடத் தொடங்கியது என்பதைவிட, சேரநாட்டிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போன வணிகரும் படைவீரரும் நெசவாளரும் தங்கள் வீட்டுத் தெய்வத்தைக் கூடவே கொண்டுபோனார்கள் என்பது இயல்பு. கூட்டம் கூட்டமாகப் போனவர்கள் நாளடைவில் சிங்களம் பேசினார்கள், பௌத்தர் ஆனார்கள். தெய்வம் மட்டும் மாறவில்லை.

இப்போது உங்கள் நண்பரின் ஊர்ப்பக்கம் போவோம். கண்டியில் புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகையைச் சுற்றி நாதர், விஷ்ணு, கதிர்காமக் கடவுள், பத்தினி என நான்கு தேவாலயங்கள். எசல மாதத்தில், அதாவது நம் ஆடியை ஒட்டி, நடக்கும் பெரஹெர ஊர்வலத்தில் தலதா மாளிகையின் யானைகள் முன்னே போக, நான்கு தேவாலயங்களும் வரிசையாகப் பின்னே வரும். பத்தினியின் வரிசை நான்காவது, பெண்கள் ஆடிக்கொண்டு வருவது அந்த வரிசையில்தான். பழைய காலத்தில் இந்த விழா தேவாலயங்களின் விழாவாகவே இருந்தது. அதன் முகப்பில் புனிதப் பல்லை எடுத்துப்போகும் வழக்கத்தை 18ஆம் நூற்றாண்டில் ஏற்படுத்தியவர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். அவர் யார்? மதுரைப் பக்கத்திலிருந்து பெண் எடுத்துக் கொடுத்து வந்த நாயக்கர் உறவில் வந்த கண்டி அரசர். சைவப் பின்னணியில் வந்தவர், 1753இல் சயாம் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்து இலங்கைப் பௌத்த சங்கத்துக்கே புத்துயிர் கொடுத்தார். அந்த வம்சத்தின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் சிறைப்பிடித்து வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் இருக்கிற முத்து மண்டபம் அவருடைய நினைவிடம்தான். வேலூர் போனால் பார்த்துவிட்டு வாருங்கள், பலருக்கு அது என்ன என்றே தெரியாது.

பெரஹெர ராஜாங்க விழா. பத்தினி எப்படி வீட்டுத் தெய்வமாக இருக்கிறாள் என்று பார்க்க வேண்டுமானால் கிராமத்துக் கம்மடுவ சடங்குதான் சரி. அறுவடை முடிந்தோ, நோய் வந்தபோதோ, மழை பொய்த்தபோதோ ஊர் கூடிப் பந்தல் போட்டு இரவு முழுக்க நடத்துவார்கள். பத்தினியின் பூசாரியைக் கப்புராள என்பார்கள். ஆண்தான். அந்த நேரம் வந்ததும் பெண்ணுடை உடுத்து, தலையை மூடி, கையில் சிலம்பை எடுத்துக் குலுக்கிக்கொண்டு பந்தலுக்குள் வருவார். அந்தச் சிலம்புச் சத்தம் கேட்டதும் உட்கார்ந்திருப்பவர்கள் கைகூப்புவார்கள். வந்தது பூசாரி என்று யாரும் நினைப்பதில்லை, அம்மா வந்துவிட்டாள். நம் பக்கத்துக் கோயில்களில் சாமி வரும்போது கூட்டம் எப்படி மாறும் என்று பார்த்திருப்பீர்கள். அதேதான்.

சடங்கில் பாடும் கதையில் பத்தினிக்குப் பல பிறவிகள் உண்டு. ஒரு பிறவியில் அவள் மாங்கனியில் பிறக்கிறாள். பாண்டியனுக்கு நெற்றியில் மூன்றாவது கண், கொடுங்கோலன். அவன் தோட்டத்து மாமரத்தில் யாராலும் பறிக்க முடியாத பொன் மாங்கனி ஒன்று. சக்கரன், நம் இந்திரன்தான், கிழவன் வேடத்தில் வந்து அம்பெய்து அதை வீழ்த்துகிறான். அண்ணாந்து பார்த்த பாண்டியனின் நெற்றிக் கண்ணில் மாம்பால் பட்டு அது குருடாகிறது. அந்தக் கனியிலிருந்து பிறந்தவளைப் பேழையில் வைத்து ஆற்றில் விடுகிறார்கள். தமிழ்நாட்டில் தெருக்கூத்திலும் நாட்டுப்பாடலிலும் வழங்கும் கோவலன் கதையிலும் கண்ணகி பாண்டியனுக்கே பிறந்து பேழையில் வைத்து நீரில் விடப்படுகிறவள்தான். இளங்கோ சொல்லாத இந்தப் பேழை இரண்டு கரையிலும் மிதக்கிறதென்றால், அச்சில் வந்த நூலுக்கு வெளியே இன்னொரு பெரிய கதைமரபு வாய்வழியாகவே கடல் தாண்டிப் போய்வந்திருக்கிறது.

இன்னொன்று. சிங்களச் சடங்கில் பாலங்க, அதாவது கோவலன், கொலையுண்டதும் பத்தினி அழுது அவனை உயிர்ப்பிக்கிறாள். நடித்தே காட்டுவார்கள், ஊரே அழும். "இது நம் கதையில் இல்லையே" என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஊர்சூழ் வரியில், வெட்டுண்டு கிடக்கும் கணவனைக் கண்ணகி தழுவிக்கொண்டதும் அவன் எழுந்து, அவள் கண்ணீரைக் கையால் துடைத்து, "இருந்தைக்க", அதாவது நீ இங்கேயே இரு, என்று சொல்லிவிட்டு வானுலகம் போகிறான். இளங்கோ ஒரு கணம் மட்டும் எழுப்பியதை அவர்கள் முழுதாக எழுப்பிவிட்டார்கள்.

இதுவரை பௌத்தர்களைப் பற்றிச் சொன்னேன். இலங்கையில் கண்ணகி தமிழர்களுக்கும் தெய்வம். கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஊருக்கு ஊர் கண்ணகை அம்மன் கோயில். ஆண்டு முழுதும் பெரும்பாலும் கதவு மூடியிருக்கும், வைகாசியில் திறந்து சில நாள் சடங்கு. அந்த நாட்களில் கண்ணகி வழக்குரை என்ற காவியத்தை உடுக்கை ஒலியோடு பாடுவார்கள். கடைசி நாள் குளிர்த்தி. மதுரையை எரித்துவிட்டு வெப்பம் தாளாமல் வந்தவளை இடைச்சியர் வெண்ணெயும் தயிரும் தடவிக் குளிர்வித்தார்கள் என்பது அவர்கள் கதை. அதை நினைத்து அம்மனுக்குக் குளிர்ச்சி செய்து, குளிர்த்திப் பாடலைப் பாடி முடிப்பார்கள்.

அந்தப் பக்கத்துக் கொம்புமுறி விளையாட்டைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஊர் இரண்டு சேரியாகப் பிரியும். வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. எந்தக் குடும்பம் எந்தச் சேரி என்பது பரம்பரையாக வருவது. வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடத்தைக் கட்டி, ஒன்று முறியும் வரை இழுப்பார்கள். கோவலனும் கண்ணகியும் செண்பகப் பூப் பறிக்கப் போனபோது அவர்களுடைய துறட்டிகள் சிக்கிக்கொண்டன, அந்த நினைவாக விளையாடுகிறோம் என்பார்கள். சிங்களக் கிராமங்களில் இதே விளையாட்டுக்கு அங்கெலிய என்று பேர். அங்கேயும் இரண்டு கட்சி, ஒன்று பாலங்கவுக்கு, ஒன்று பத்தினிக்கு. அங்கேயும் அதே பூப்பறிக்கும் கதை. இரண்டு மொழி, இரண்டு சமயம், முறிகிற கொம்பு ஒன்று. மழை வேண்டும், கொள்ளைநோய் அண்டக் கூடாது, இதற்காகத்தான் இரண்டு பேரும் இழுக்கிறார்கள்.

வடக்கே முல்லைத்தீவில் வற்றாப்பளை. நந்திக்கடல் கரையில் கண்ணகி அம்மன் கோயில். வைகாசிப் பொங்கலுக்கு முன் கடல்நீரை எடுத்துவந்து அதில் விளக்கெரிப்பார்கள் என்பது அந்தக் கோயிலின் பெருமை. 2009இல் போரின் கடைசி நாட்கள் அந்த நந்திக்கடல் ஓரத்தில்தான் நடந்தன. 1983 முதல் அத்தனை ஆண்டும், சண்டைக்குப் போன பிள்ளை திரும்ப வேண்டும் என்று ஒரே அம்மனை வேண்டிக்கொண்ட தாய்மார்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு கனக்கிறது. உங்கள் நண்பர் வட்டப்பாறை அம்மன் முன்னால் கைகூப்பினார் என்று படித்ததும் எனக்கு வந்த மகிழ்ச்சிக்கு இதுதான் காரணம்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். நான் தேரடிப் பக்கம் வளர்ந்தவன், இந்தக் கதையைச் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். மதுரையை எரித்த கோபம் அடங்காமல் கண்ணகி வடக்கே நடந்து ஒற்றியூர் வந்தாள். ஈசனும் அம்பாளும் அங்கே தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். காய் உருண்டு கிணற்றில் விழுந்தது, எடுத்துத் தா என்று கேட்டார்கள், அவள் கிணற்றில் இறங்கியதும் வட்டமான பாறையால் ஈசன் மூடிவிட்டார், அங்கேயே அமர்ந்தவள்தான் வட்டப்பாறை அம்மன். ஆதிசங்கரர் வந்து இவளுடைய உக்கிரத்தைத் தணித்தார் என்று இன்னொரு கதையும் சொல்வார்கள். இவை தல மரபு, கல்வெட்டுச் சான்று கேட்டால் கிடைக்காது. ஆனால் கதையின் உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். எரிந்துகொண்டு வருகிற பெண், அவளைக் குளிர்விக்க ஒரு தண்ணீர். மட்டக்களப்பில் வெண்ணெய், ஒற்றியூரில் கிணறு.

இது பழைய பயம். உரைபெறு கட்டுரையின் முதல் வரிகளே இதைத்தான் சொல்கின்றன. மதுரை எரிந்த பிறகு பாண்டிய நாட்டில் மழை இல்லாமல் வறுமை வந்து "வெப்பு நோயும் குருவும்" தொடர்ந்தன என்கிறது. வெப்பு என்றால் காய்ச்சல், குரு என்றால் அம்மைக் கொப்புளம். கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் சாந்தி செய்த பிறகே மழை வந்தது. தண்டையார்பேட்டையிலும் காசிமேட்டிலும் ஆடி வந்தால் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவதும், அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவதும் எந்தப் பயத்திலிருந்து வந்தனவோ, சிங்களக் கிராமத்தில் பிள்ளைக்கு அம்மை வந்தால் வேப்பிலை வைத்துப் பத்தினியை வேண்டுவதும், குணமானதும் வயதான பெண்கள் ஏழு பேரைக் கிரி அம்மா என்று உட்காரவைத்துப் பால்சோறு படைப்பதும் அதே பயத்திலிருந்து வந்தவை. பெரியம்மாவிடம் பத்தினியின் சமயம் என்ன என்று விளக்குவதைவிட இந்தப் பால்சோற்றைச் சொல்லுங்கள், சட்டென்று பிடிபடும்.

வட்டப்பாறை அம்மனுக்கு இலங்கையோடு இன்னொரு தொடர்பும் உண்டு. கம்பர் ஒற்றியூரில் தங்கி இரவில் இராமகாதை எழுதியபோது, பந்தம் பிடிக்க அவர் அழைத்தது இந்தக் காளியைத்தான் என்று ஒரு தனிப்பாடல் வழக்கில் இருக்கிறது. அவள் பிடித்த வெளிச்சத்தில்தான் இலங்கை எரிந்த கதை ஓலையில் ஏறியது என்பது நம் ஊர் நம்பிக்கை. அந்தக் கதையில் அண்ணனை விட்டு வந்த வீடணனுக்குக் கொழும்பை ஒட்டிய களனி விகாரையில் தேவாலயமே இருக்கிறது. புத்தர் வந்து போன இடம் என்று பௌத்தர்கள் போற்றுகிற தலம் அது. அங்கே வீடணன் நாட்டைக் காக்கிற தெய்வம். நண்பர் கொழும்புக்காரர்தானே, களனியைப் பற்றிக் கேட்டால் நிறையச் சொல்வார்.

மணிமேகலையில் வரும் மணிபல்லவத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டு கரையும் ஒரே கதையை எழுதி வைத்திருப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. தூக்கத்தில் கடல் தெய்வம் மணிமேகலையைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு தீவில் வைக்கிறது. அங்கே ஒரு பீடிகை. இரண்டு நாக அரசர்கள் அது எனக்கு, உனக்கு என்று சண்டை போட, புத்தர் வந்து சமாதானம் செய்து அதன்மேல் அமர்ந்து அறம் சொன்ன பீடிகை. பக்கத்தில் கோமுகிப் பொய்கை, வைகாசி விசாகத்தன்று அதிலிருந்து மேலே வரும் அமுதசுரபி. மகாவம்சத்தின் முதல் அத்தியாயத்தைத் திறந்தால் புத்தர் நாகதீபத்துக்கு வருகிறார், மகோதரன், சூளோதரன் என்ற இரண்டு நாக அரசர்கள் மணி பதித்த ஆசனத்துக்காகப் போர் செய்கிறார்கள், அவர் தீர்த்து வைக்கிறார். பாலியில் எழுதிய பிக்குவும் தமிழில் எழுதிய சாத்தனாரும் ஒரே கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். அந்தத் தீவு யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள நயினாதீவுதான் என்று பலரும் கொள்கிறார்கள். குறிகட்டுவானில் படகு ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். ஒரே சின்னத் தீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் நடந்துபோகிற தூரத்தில் இருக்கின்றன. தெற்கிலிருந்து வரும் சிங்கள யாத்திரிகர்கள் பலர் விகாரையைக் கும்பிட்டுவிட்டு அம்மனையும் கும்பிட்டுப் போகிறார்கள்.

அப்புறம், "அப்படியானால் நம்மிடம் இருந்த பௌத்தம் எங்கே போனது?" என்று கேட்பீர்கள். ஒரே நாளில் போகவில்லை. பாலி மொழியில் நூல் செய்த புத்ததத்தர் சோழநாட்டுக்காரர், காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் இருந்து எழுதியவர். அவர் நூல்களை இலங்கைப் பிக்குகள் இன்றும் படிக்கிறார்கள். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்ட, அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை ராஜராஜன் கொடுத்ததை லெய்டன் செப்பேடு சொல்கிறது. அங்கே மிச்சமிருந்த கோபுரத்தை 1867இல் இடித்தார்கள். அந்த வட்டாரத்தில் மண்ணுக்கடியிலிருந்து நூற்றுக்கணக்கில் புத்தர் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. பலவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தின் படிமக் கூடத்தில் பார்க்கலாம். உள்ளங்கை உயரத்துப் புத்தர், தலைக்குமேல் சுடர் போல எழும் உஷ்ணீஷம், நம் சோழச் சிற்பிகளின் கைவேலை. நடராசரைப் பார்க்கப் போகிற கூட்டத்தில் இவரிடம் நிற்பவர்கள் குறைவு. நீங்கள் நின்று பாருங்கள்.

நூல்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் மீண்டன. உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892இல் பதிப்பித்தார், மணிமேகலையை 1898இல். பௌத்தத்தை விளக்கிச் சொல்ல அப்போது தமிழ்ப் புலவர் யாருமே இல்லாமல், கும்பகோணம் கல்லூரியில் இருந்த ரங்காசாரியாரிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். அதே 1898இல் அயோத்திதாசப் பண்டிதர், பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான கர்னல் ஆல்காட்டோடு கொழும்பு போய், சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் பழைய சமயம் இது என்று உரிமையோடு எடுத்துக்கொண்ட பௌத்தம் அது. வடசென்னையில் பெரம்பூரில் அந்த இயக்கத்துக்கு வலுவான கிளை இருந்தது, விகாரையும் இருந்தது. கண்ணகியின் மாமனார் சேர்ந்த சமயம் அயோத்திதாசருக்கு இலங்கை வழியாகத் திரும்பி வந்தது. நாம் கொடுத்ததை அவர்கள் பாதுகாத்துத் திருப்பிக் கொடுத்தார்கள் என்றும் சொல்லலாம், அவர்களுக்கு அது எப்போதும் அவர்களுடையதுதான் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை.

நண்பரிடம் பேசும்போது ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். "எங்கள் கண்ணகியைத்தான் நீங்கள் கும்பிடுகிறீர்கள்" என்று தொடங்காதீர்கள். அதேபோல அங்கே சிலர், பத்தினிக்கும் தமிழுக்கும் சம்பந்தமே இல்லை என்பது போலப் பேசுவார்கள். சிலம்பைக் கையில் ஏந்திச் சோழநாடு, பாண்டியநாடு என்று பாடிக்கொண்டே அப்படிச் சொல்ல முடியாது. மெரினாவில் 1968இல் ஒற்றைச் சிலம்போடு அவளை நிறுத்தினோம், நீதி கேட்டவள் என்று. அவர்களுக்கு அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கூப்பிடுகிற அம்மா. திருவொற்றியூரில் அவள் இரண்டாகவும் இருக்கிறாள். அதனால்தான் உங்கள் நண்பருக்கு அந்த இடத்தில் அடையாளம் தெரிந்தது.

நேரில் பார்க்க ஆசை இருந்தால் இரண்டு பருவம் உண்டு. மட்டக்களப்புக் குளிர்த்தியும் வற்றாப்பளைப் பொங்கலும் வைகாசியில், கண்டிப் பெரஹெர ஜூலை கடைசி, ஆகஸ்டில். பெரியம்மாவையும் கூட்டிப் போவதாக இருந்தால் வைகாசிதான் நல்லது. மட்டக்களப்பில் வழக்குரை தமிழில் பாடுவார்கள், அவரே உட்கார்ந்து கேட்டுப் புரிந்துகொள்ளலாம். சடங்கு எந்த ஊரில் எந்த நாள் என்பதைக் கோயில்காரர்கள் நாள் பார்த்துத்தான் சொல்வார்கள், ஆகவே பயணச்சீட்டு எடுக்கும் முன் அங்கே தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.